பின்குறிப்பில் ஒரு மாத்திரை

கடிதம் எழுதியவர் 27 வயதுப் பெண். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். விலங்கியலில் முதுகலை முடித்தவர். மணல் ஈக்களைப் பற்றிய ஆராய்ச்சித் திட்டம் ஒன்றில் இரண்டு வருட உதவியாளர் வேலை கிடைத்திருக்கிறது. சாயங்காலம் மாட்டுத் தொழுவங்களிலும் வீடுகளிலும் விளக்குப் பொறி கட்ட வேண்டும். விடிந்ததும் அவற்றை எடுத்துவந்து, சிக்கிய ஈக்களை ஆய்வகத்தில் இனம் பிரித்து, அறுத்துப் பார்க்க வேண்டும். இதுபோக மாதத்தில் இரண்டு இரவு, உடையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு உட்கார்ந்து, கடிக்க வரும் ஈயைக் குழாயால் உறிஞ்சிப் பிடிக்க வேண்டும். களத்தில் இதை ‘லேண்டிங் கேட்ச்’ என்பார்கள்.

“இங்கே 300 ஈயைப் பரிசோதித்துவிட்டோம், ஒன்றில்கூட லீஷ்மேனியா இல்லை, தைரியமாக வா” என்று திட்டத் தலைவர் சொல்லியிருக்கிறார். லீஷ்மேனியா என்பது மணல் ஈ கடித்துப் பரப்பும் கிருமி; அது உள்ளுறுப்புகளைத் தாக்கினால் வரும் நோய்தான் காலா அசார். அம்மா நேர்மாறு. காலா அசார் வந்தால் உடம்பு கறுத்துச் செத்துப்போவார்கள், கூட இருக்கிறவர்களுக்கும் ஒட்டும், உடுப்போடு அந்த ஈயும் வீட்டுக்கு வரும் என்று எங்கோ படித்துவிட்டு, போகவே கூடாது என்கிறார். யார் சொல்வது சரி, இரவு வேலை மட்டும் வேண்டாம் என்று சொன்னால் வேலை போய்விடுமா என்பவை கேள்விகள். கையெழுத்துக்குக் கீழே இரண்டு வரி: “பி.கு. முடக்குவாதத்துக்கு இரண்டு வருடமாக வாரம் ஒரு முறை மெத்தோட்ரெக்சேட் எடுக்கிறேன். இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது என்று நினைக்கிறேன்.”

சகோதரி, சம்பந்தம் இருக்கிறது. நீங்கள் இரண்டு பக்கத்துக்கு எழுதிய கேள்விகளைவிட அந்த இரண்டு வரிதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. ஆனாலும் பூச்சியிலிருந்து தொடங்கினால்தான் மாத்திரை ஏன் முக்கியம் என்பது விளங்கும்.

‘மணல் ஈ’ என்ற பெயரே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். கடற்கரை மணலில் இருக்கும் பூச்சி என்று நினைத்துவிடுகிறார்கள். அதன் நிறம்தான் மணல் நிறம். அது பிறந்து வளர்வதெல்லாம் ஈரமும் மட்கும் குப்பையும் உள்ள மண்ணில்: தொழுவத்தின் மூலை, மண்சுவரின் வெடிப்பு, எலி வளை, கறையான் புற்று. கொசுவைப்போல அதற்குத் தண்ணீர் தேங்க வேண்டியதில்லை. அதனால்தான் அதன் புழுக்களைத் தேடி அழிப்பது இவ்வளவு பாடு. உடம்பு முழுவதும் ரோமம், நீளம் சுமார் 3 மில்லிமீட்டர். சுவரில் உட்காரும்போது இரண்டு இறக்கையையும் மேல்நோக்கி விரித்து வைத்திருக்கும். ஒருமுறை அந்தக் கோலத்தைக் கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு எந்தச் சுவரிலும் அடையாளம் தெரிந்துவிடும். சத்தம் போடாது. பறப்பதைவிடத் தத்திப் போவதே அதிகம். லேசான காற்றுக்கே ஒதுங்கிவிடும். பெண் ஈ மட்டும்தான் கடிக்கும், பெரும்பாலும் அந்தி முதல் விடியல் வரை.

அதன் வயிற்றுக்குள் நடப்பதைத்தான் நீங்கள் தினமும் பார்க்கப்போகிறீர்கள். உப்புநீர்த் துளியில் ஈயைக் கிடத்தி, வயிற்றின் கடைசிக் கண்ணிகளை ஊசியால் மெல்ல இழுத்தால் குடல் ஒரு நூலாக வெளியே வரும். தொற்றுள்ள ஈ என்றால் அந்த நூலுக்குள் வால் முளைத்த உயிரிகள் மீன்குஞ்சுக் கூட்டம்போல நெளியும். முதல்முறை பார்த்தபோது நான் கண்ணை எடுக்க மறந்து நின்றேன், மேஜைக்கு வரிசையில் நின்றவர் முதுகில் தட்டினார். ரத்தத்தோடு உள்ளே போகும்போது அது வாலில்லாத உருண்டை. ஈயின் குடலில் வால் முளைத்து, பெருகி, குடல் சுவரைப் பற்றிக்கொண்டு, ஒரு வாரம் பத்து நாளில் தொண்டைப் பக்கம் வந்து சேர்கிறது. அங்கே தானே சுரக்கும் கூழால் வழியை அடைக்கிறது. அடைபட்ட ஈ அடுத்த ஆளைக் கடிக்கும்போது ரத்தத்தைச் சரியாக உறிஞ்ச முடியாமல், கூழையும் கிருமியையும் கடிவாயில் கக்கிவிடுகிறது. ஈயின் எச்சிலும் சும்மா இல்லை. ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்வதோடு, தோலில் கிருமி காலூன்றவும் அது துணைபோகிறது என்று 1988-இலேயே எலிகளில் காட்டினார்கள்.

‘300 ஈயில் ஒன்றுமில்லை’ என்பதற்கு என்ன பொருள்?

உங்கள் திட்டத் தலைவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த எண் அவர் நினைக்கும் அளவுக்கு ஆறுதல் தராது. நோய் பரவும் இடங்களில்கூட, பிடிபடும் ஈக்களில் கிருமி உள்ளவை பல நேரங்களில் 100-க்கு ஒன்றுகூடத் தேறாது. 300-ஐப் பார்த்து ஒன்றும் இல்லையென்றால், புள்ளியியல் கணக்குப்படி “தொற்று 1 சதவீதத்துக்கு மேல் இருக்க வாய்ப்புக் குறைவு” என்று சொல்லலாம், அவ்வளவுதான். பூஜ்யம் என்று சொல்ல முடியாது.

ஒரு பேச்சுக்கு, 200 ஈயில் ஒன்றுக்குக் கிருமி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் இரண்டு இரவு, இரண்டு வருடம், மொத்தம் 48 இரவு. குழாயை முந்திக்கொண்டு இரவுக்கு ஐந்து ஈ கடித்தாலும் 240 கடி. அதில் ஒன்றாவது கிருமியுள்ள கடியாக இருக்கும் வாய்ப்பு 100-க்கு 70. நான் எடுத்துக்கொண்ட எண்கள் உங்கள் களத்துக்குப் பொருந்தாமல் போகலாம். ஆனால் கணக்கின் போக்கு இப்படித்தான்.

இந்தத் துறையின் வரலாற்றிலேயே இதற்கு ஒரு பாடம் உண்டு. 1903-இல் லீஷ்மன் என்ற மருத்துவர் ஒரு பக்கமும், சென்னையில் டொனோவன் என்ற மருத்துவர் ஒரு பக்கமும் இந்த வாலில்லாத உருண்டைகளைக் கண்டுபிடித்தார்கள். கிருமிக்கு இருவர் பெயரும் சேர்ந்து லீஷ்மேனியா டொனோவானி என்று ஆயிற்று. 1924-இல் சின்டன், காலா அசார் இருக்கும் இடங்களும் பிளெபோடோமஸ் அர்ஜென்டிபஸ் என்ற மணல் ஈ இருக்கும் இடங்களும் வரைபடத்தில் ஒத்துப்போவதைக் கவனித்தார். அதே வருடம் கல்கத்தாவில் நோல்ஸ், நேப்பியர், ஸ்மித் மூவரும் அந்த ஈயின் குடலில் கிருமி வளர்வதைக் கண்டார்கள். இனி ஒரு கடி, ஒரு நோயாளி என்று காட்டிவிட்டால் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அதைக் காட்ட 18 வருடம் பிடித்தது. ஆய்வகத்தில் எத்தனை முறை கடிக்கவிட்டும் நோய் தொற்றவில்லை. ஈ குற்றவாளியே இல்லையோ என்ற சந்தேகம்கூட வந்தது. கடைசியில் வழி திறந்தது உலர்திராட்சையால். முதல் ரத்தத்துக்குப் பிறகு மறுபடி மறுபடி ரத்தம் கொடுக்காமல் பழச்சாறு குடிக்கவிட்டபோது ஈ அதிக நாள் உயிரோடு இருந்தது, கிருமியும் தொண்டை அடைக்கப் பெருகியது. 1942-இல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகியோர் அப்படி வளர்த்த ஈக்களை ஐந்து தன்னார்வலர்கள்மேல் கடிக்கவிட்டார்கள். ஐவருக்கும் தொற்றியது.

ஆகவே “இதுவரை கிடைக்கவில்லை” என்பதை “இல்லை” என்று இந்தப் பூச்சியின் விஷயத்தில் எடுத்துக்கொள்ளவே கூடாது. எதிர்ப்பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். ஈயை அரைத்து பிசிஆர் செய்து கிருமியின் டிஎன்ஏ கிடைத்துவிட்டாலே அந்த இனம்தான் நோயைப் பரப்புகிறது என்றும் ஆகாது. ரத்தத்தோடு உள்ளே போன கிருமி செரித்துச் செத்திருந்தாலும் டிஎன்ஏ தெரியும். குடலில் உயிரோடு பெருகுகிறதா, அந்த ஈ மனிதரைக் கடிக்கிறதா, கடித்தால் தொற்றுகிறதா என்று படிப்படியாகப் பார்க்க வேண்டும். உங்கள் கையில் ஊசியும் நுண்ணோக்கியும் தருவது அதற்குத்தான்.

எந்த ஊர் என்று நீங்கள் எழுதாததால் ஒன்றை நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: அங்கே எந்த லீஷ்மேனியா? இருபதுக்கு மேற்பட்ட இனங்கள் மனிதருக்கு நோய் தருகின்றன. பீகாரில் உள்ளுறுப்பைத் தாக்கும் அதே டொனோவானி, இலங்கையில் பெரும்பாலும் தோலில் ஆறாத புண்ணோடு நின்றுவிடுகிறது. மத்தியதரைக்கடல் நாடுகளிலும் பிரேசிலிலும் நாய்தான் கிருமியின் இருப்பிடம். மேற்காசியாவின் வறண்ட பகுதிகளில் எலி வளையிலிருந்து வரும் லீஷ்மேனியா மேஜர் என்ற இனம் புண்ணைத் தரும், உயிரை எடுக்காது. ‘லீஷ்மேனியாசிஸ்’ என்ற ஒரே சொல்லுக்குள் இவ்வளவு இருக்கிறது. உங்கள் அம்மா படித்தது அதில் மிக மோசமானதை.

இப்போது மாத்திரைக்கு வருவோம்

கிருமி புகுந்த எல்லோருக்கும் நோய் வருவதில்லை. காலா அசார் பகுதிகளில் கிருமி உள்ளவர்களில் பெரும்பாலோர் ஒரு நாள்கூடப் படுப்பதில்லை. கிருமியை விழுங்கிய வெள்ளணுக்களைத் தட்டி எழுப்பி அதைக் கொல்லவைப்பது உடம்பின் டி-செல்கள். முழுவதும் கொல்ல முடியாவிட்டாலும் வருடக்கணக்கில் அடக்கி வைத்திருக்கும். என் கணக்கில் வந்த 100-க்கு 70 என்ற எண்ணைக் கேட்டுப் பயப்பட வேண்டாம் என்று ஒரு சராசரி ஆளிடம் சொல்ல முடிவது இந்தக் காவலை நம்பித்தான்.

மெத்தோட்ரெக்சேட் அந்தக் காவலைத் தளர்த்தும் மருந்து. மூட்டைத் தாக்கும் எதிர்ப்பாற்றலைக் குறைப்பதற்காகவே அதைத் தருகிறார்கள். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் எடுத்தவர்களுக்கு உள்ளுறுப்பு லீஷ்மேனியாசிஸ், அதாவது காலா அசார், வந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. வாதத்துக்கே போடும் டிஎன்எஃப் தடுப்பு ஊசிகளோடு இன்னும் அதிகம். எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் இந்த நோய் எவ்வளவு முரண்டு பிடிக்கும் என்பது நன்றாகவே தெரிந்த விஷயம். உங்கள் நிலை அவ்வளவு கடுமையானது இல்லை. வாரம் ஒரு முறை குறைந்த அளவில் எடுப்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு எதுவும் ஆவதில்லை. ஆனால் 48 இரவு காலை நீட்டிக்கொண்டு உட்காரப் போகிறவரின் கணக்கு வேறு.

இன்னொரு சிக்கலும் உண்டு, அதைத்தான் நான் அதிகம் யோசித்தேன். காலா அசாரின் அடையாளம் வாரக்கணக்கில் விடாத காய்ச்சல், இளைப்பு, மண்ணீரல் வீக்கம், ரத்த அணுக்கள் குறைவது. மெத்தோட்ரெக்சேட்டும் ரத்த அணுக்களைக் குறைக்கும். நாள்பட்ட முடக்குவாதத்தில் மண்ணீரல் வீங்கி வெள்ளணு குறைவதற்கு ஃபெல்ட்டி நோய்க்குறி என்று தனிப் பெயரே இருக்கிறது. கடித்ததற்கும் காய்ச்சலுக்கும் இடையே பெரும்பாலும் மாதங்கள் ஓடியிருக்கும். அப்போது உங்களைப் பார்க்கும் மருத்துவர் ‘மாத்திரையால்’ என்றோ ‘வாதத்தால்’ என்றோ முடிவுகட்டிவிட நல்ல வாய்ப்பு இருக்கிறது. காலா அசாரைக் கண்டறிய விரலில் குத்திப் பார்க்கும் ஆர்கே39 சோதனையும், எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்குச் சில சமயம் ‘இல்லை’ என்று காட்டிவிடும். அந்த நிலையில் எலும்பு மஜ்ஜையை எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கலாம்.

இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வேலைக்காக மருந்தை விட்டு, விரல் மூட்டுகள் கோணிக்கொண்டபின் ஊசி பிடித்து ஈயை அறுக்க முடியாது.

எதை ஏற்கலாம், எதை மறுக்கலாம்

வேலையை விட வேண்டியதில்லை என்பதுதான் என் எண்ணம். லேண்டிங் கேட்ச்சை மட்டும் மறுத்துவிடுங்கள். இதில் நான் இழுபறிக்கு இடம் வைக்கவில்லை.

ஆய்வக வேலை உங்களுக்கு ஏற்றது. பெண் ஈயின் விந்துப்பையையும் ஆண் ஈயின் பின்னுறுப்பையும் ஸ்லைடில் பார்த்து இனம் சொல்லத் தெரிந்தவர்கள் உலகம் முழுவதும் குறைந்துகொண்டு வருகிறார்கள். கற்றுக்கொண்டால் காலத்துக்கும் உங்களோடு இருக்கும் தொழில் அது. ஈயை மயக்கியோ கொன்றோ அறுப்பதால் கடிக்கும் பேச்சே இல்லை. கையுறையும் ஊசி குத்தாத கவனமும் போதும். ஆனால் கிருமியைப் புட்டியில் வளர்க்கும் வேலை, தொற்றிய விலங்குக்கு ஊசி போடும் வேலை இரண்டையும் தவிருங்கள். ஆய்வகத்தில் ஊசி குத்தித் தொற்றியவர்கள் உண்டு.

விளக்குப் பொறி நடுவில் நிற்கிறது. வெளிச்சம் இருக்கும்போதே கட்டிவிட்டு, அந்தி சாய்வதற்குள் கிளம்பி, விடிந்து வெயில் ஏறியபின் எடுத்தால் கடி வெகுவாகக் குறையும். முழுக்கை, முழுக்கால், காலுறை, பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்தில் நனைத்த உடுப்பு, உடுப்பு மூடாத தோலில் டீட் என்ற ரசாயனம் உள்ள பூச்சி விரட்டி. களத்திலேயே தூங்க நேர்ந்தால் சாதாரணக் கொசுவலையை நம்ப வேண்டாம். அதன் கண்ணுக்குள் இந்த ஈ புகுந்துவிடும். நெருக்கமான கண்ணுள்ள, பூச்சிமருந்து ஏற்றிய வலை வேண்டும். தடுப்பூசியோ, முன்கூட்டியே போட்டுக்கொள்ளும் மாத்திரையோ மனிதருக்கு இன்னும் இல்லை.

மறுக்க உரிமை உண்டா என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் சம்பளம் வாங்கும் ஊழியர் என்பதால் காலை நீட்டச் சொன்னால் நீட்டியாக வேண்டும் என்று நினைக்கிறீர்கள். அந்த நினைப்புத் தவறு. உங்கள் தோலைத் தூண்டிலாக வைக்கும் கணத்தில் நீங்கள் ஆராய்ச்சி செய்பவர் மட்டுமல்ல, ஆராய்ச்சிக்கு உட்படுபவரும்தான் என்பது என் வாதம். மனிதர்களை உட்படுத்தும் மருத்துவ ஆராய்ச்சிக்கு நெறி வகுத்த 1964-இன் ஹெல்சிங்கி பிரகடனம் அப்படிப்பட்டவருக்கு விளக்கம் கேட்டுச் சம்மதிக்கவும், மறுக்கவும், நடுவில் விலகவும் உரிமை தருகிறது. மறுத்ததற்காகத் தண்டனை கூடாது. தீங்கு நேர்ந்தால் சிகிச்சையும் இழப்பீடும் வேண்டும் என்பது அதன் பிற்காலத் திருத்தங்களில் தெளிவாகவே இருக்கிறது. மேலதிகாரியின் கீழ் இருப்பவரிடம் வாங்கும் சம்மதத்தைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் இந்த மரபில் உண்டு.

சேர்வதற்கு முன் மூன்று விஷயத்தை எழுத்தில் கேளுங்கள். லேண்டிங் கேட்ச்சுக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறதா? தொற்றினால் வைத்தியச் செலவு யாருடையது, வேலை முடிந்து ஒரு வருடம் கழித்துத் தெரியவந்தாலும் அது செல்லுமா? இரவு வேலையில்லாமல் உங்கள் பொறுப்பு என்னென்ன? உங்கள் நோயின் பெயரை எல்லோரிடமும் சொல்ல வேண்டியதில்லை. “மருத்துவக் காரணத்தால் களத்தில் பூச்சிக்கடிக்கு உட்படக் கூடாது” என்று மூட்டு வைத்தியரிடம் ஒரு வரி எழுதி வாங்கிக் கொடுங்கள். வாய்ச் சமாதானத்தோடு நின்று, எதையும் எழுதித் தர மறுத்தால், நான் அந்த வேலையில் சேரமாட்டேன்.

மூட்டு வைத்தியரிடம் போகும்போது இரண்டைச் சொல்லிவையுங்கள். ஒன்று, இப்போதே ரத்த அணு, கல்லீரல் சோதனை, மண்ணீரல் அளவு மூன்றும் பதிவாகட்டும், பின்னால் ஒப்பிட உதவும். இரண்டாவது, இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சலோ மாதக்கணக்கில் ஆறாத, வலியில்லாத புண்ணோ வந்தால், முதல் வாக்கியமாக “நான் மணல் ஈயோடு வேலை செய்கிறேன்” என்று நீங்கள் சொல்வீர்கள் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

அம்மாவுக்கு

காலா அசார் என்றால் கறுப்புக் காய்ச்சல். சிலருக்குத் தோல் கறுப்பதால் வந்த பெயர். வைத்தியம் செய்யாவிட்டால் 100-க்கு 95 பேருக்கு மேல் இறப்பார்கள் என்று அவர் படித்தது உண்மை. ஆனால் பக்கத்திலேயே இருக்கும் மறுபாதியை அவர் படிக்கவில்லை. லிப்போசோமல் ஆம்ஃபோடெரிசின் என்ற மருந்தை ஒரே ஒரு தடவை ஏற்றியதில் 100-க்கு 95 பேருக்கு மேல் குணமானார்கள் என்று இந்தியாவில் நடந்த ஆய்வு 2010-இல் வெளியானது. எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கு அதிக நாள் தர வேண்டிவரும், திரும்பவும் வரலாம். மில்டெஃபோசின் என்ற மாத்திரையும் உண்டு. அது கருவைப் பாதிக்கும், ஆகவே உங்கள் வயதில் யோசித்துத்தான் தருவார்கள். 2023-இல் வங்கதேசம் இந்த நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழித்த முதல் நாடு என்ற சான்றிதழை உலக சுகாதார நிறுவனத்திடம் பெற்றது.

தொட்டாலோ ஒரே தட்டில் சாப்பிட்டாலோ ஒட்டாது. நடுவில் ஈ வேண்டும். உங்கள் உடம்பில் கிருமி சத்தமில்லாமல் இருந்து, வீட்டில் ஒரு மணல் ஈ உங்களைக் கடித்தால் என்ன ஆகும் என்று அவர் கேட்கக்கூடும். நல்ல கேள்விதான். பீகாரில் ஆய்வகத்தில் வளர்த்த சுத்தமான ஈக்களை மனிதர்கள்மேல் கடிக்கவிட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2021-இல் வந்தது. காய்ச்சலில் இருந்தவர்களிடமிருந்தும், குணமானபின் தோலில் நிறம் மாறிய திட்டும் முடிச்சும் வந்தவர்களிடமிருந்தும் ஈக்குத் தொற்றியது. கிருமி இருந்தும் நோயில்லாமல் இருந்த 184 பேரில் ஒருவரிடமிருந்தும் தொற்றவில்லை.

உடுப்பில் ஈ ஒட்டிக்கொண்டு வருமா என்ற பயத்தை விட்டுவிடச் சொல்லுங்கள். பொறியில் சிக்கிய ஈயை ஆய்வகம்வரை உயிரோடு கொண்டுபோவதற்கே ஈரத்துணி சுற்றிய பெட்டியும் குளிர்ச்சியும் வேண்டும். வழியில் வெயில் பட்டாலே பாதி செத்துக் கிடக்கும். போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அதற்காக உங்கள் தலைவரிடம் திட்டு வாங்குவீர்கள் பாருங்கள்.